அல்கோன்குவின் காட்டில் நீங்கள் கண்டதும் கேட்டதும்: அனுபவங்களைப் பகிர்வோம்

ஸ்காபுறோவிலிருந்து (மே)

இதைத் தொடங்கக் காரணம் ஒரு சத்தம்.

போன ஜூலைத் தொடக்கத்தில் பிள்ளைகளோடு ஒன்ராறியோவின் அல்கோன்குவின் பூங்காவில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கினோம். முதல் இரவு பன்னிரண்டு மணி இருக்கும். ஏரிப் பக்கம் யாரோ ஒரு பெண் நீளமாகக் கூப்பிட்டு அழுவது போல ஒரு குரல். மனைவி எழும்பி உட்கார்ந்துவிட்டார். சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து அதே இழுவையில் பதில் வந்தது. அப்புறம் இரண்டும் மாறி மாறி. மெல்ல மெல்லப் பயம் தெளிந்து, கூடாரத்தின் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேரும் இரண்டு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

அது லூன் என்ற நீர்ப்பறவை என்று காலையில் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் சொன்னார். இருபத்தொரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஒரு டொலர் காசில் அந்தப் பறவை 1987 முதல் நீந்திக்கொண்டிருக்கிறது. எத்தனை ஆயிரம் தடவை அதை எண்ணிக் கொடுத்திருப்பேன்! அதற்கு இப்படி ஒரு குரல் இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்று மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று பகல் வள்ளம் வாடகைக்கு எடுத்தோம். நடு ஏரியில் ஒரு சோடி. கறுத்த தலை, சிவந்த கண், முதுகில் கட்டம் போட்டது போல வெள்ளைப் பொட்டுகள். ஒன்றின் முதுகில் கபில நிறத்தில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு ஏறி உட்கார்ந்திருந்தது. இன்னும் கிட்டப் போவோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நானும் துடுப்பைப் போட்டேன். உடனே அது நடுக்கத்தோடு ஒரு சிரிப்புச் சிரித்தது. பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். படம் எடுத்தோம். பின்னேரம் அதைப் பெருமையாகச் சொன்னபோது, பெரியவர் முகம் வாடிப்போய்விட்டது. "அது சிரிப்பு இல்லை. பயத்தில் போடும் சத்தம். இரவில் கேட்ட நீளக் குரல்தான் ஒன்றையொன்று தேடும் குரல்" என்றார்.

அந்த வார்த்தை ஒரு வருடமாக மனதில் கிடக்கிறது. அந்தக் காட்டில் நாங்கள் கண்டதை எவ்வளவு தூரம் விளங்கிக்கொண்டோம் என்று யோசிக்கிறேன். 1893இல் உருவான பூங்கா அது. 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல், இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். றொரன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் ஓடினால் மேற்கு வாசல் வந்துவிடும். எங்கள் சனம் இலையுதிர் காலத்தில் சிவந்த மேப்பிள் பார்க்கப் பேருந்து பிடித்துப் போகிற இடம். மேப்பிளைத் தவிர வேறு எதைக் கண்டீர்கள், அப்போது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கூடு, குகை, முட்டையிடும் இடம் எங்கே என்று மட்டும் துல்லியமாக எழுத வேண்டாம். ஆமையைத் திருடி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.


பிராம்டனிலிருந்து

அண்ணை, நான் லொறி ஓட்டுகிறவன். 60ஆம் நெடுஞ்சாலை பூங்காவுக்குள்ளே 56 கிலோமீட்டர் போகிறது. நாலு வருடத்துக்கு முன் மே மாதம், விடிய ஐந்து மணிக்கு முன்னம், ஹண்ட்ஸ்வில் கடந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தேன். பனிமூட்டம். வீதியோரம் ஒரு கரிய உருவம். மரம் என்று நினைத்தேன், அது தலையைத் தூக்கியது.

மூஸ் என்ற பெரிய மான். இங்கே ஓட்டப் பழகியபோது ஒரு மூத்த ஓட்டுநர் சொல்லித் தந்திருந்தார்: சாதாரண மானின் கண் வெளிச்சம் பட்டால் மினுங்கும், மூஸ் உயரம் என்பதால் அதன் கண் விளக்கு வெளிச்சத்துக்கு மேலேதான் இருக்கும், மினுங்குமென்று காத்திருக்காதே என்று. அதனால் அந்தத் துண்டில் நான் எப்பவும் மெதுவாகத்தான் போவேன். பிறேக் பிடித்து நின்றபோது எனக்கும் அதற்கும் இடையில் ஒரு கார் நீளம்தான். அரைத் தொன் எடை, மெல்லிய நெடுங்கால்கள். சின்னக் கார் இடித்தால் கால்கள் மடிந்து அந்த உடம்பு முழுவதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழும். பிழைப்பது கஷ்டம்.

அது ஓடவில்லை. வாய்க்காலில் தேங்கிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே நின்றது. மழைத் தண்ணீர் எவ்வளவோ இருக்க, வீதியோரத்து ஊத்தைத் தண்ணீர் ஏன்? பிறகுதான் விளங்கியது. பனிக்காலம் முழுவதும் அது தின்பது மரக்குச்சியும் மொட்டும். அதில் உப்புச் சத்து இல்லை. நாங்கள் குளிருக்கு வீதியில் கொட்டுகிற உப்பு கரைந்து வாய்க்காலில் நிற்கும். மே, ஜூனில் அதைத் தேடித்தான் வீதிக்கு வருகிறது. ஜூன் பிந்தி, ஏரிகளில் நீர்ச்செடி தழைத்தால், அதில் உப்புச் சத்து கிடைக்கும், வீதியை விட்டுவிடும்.

மூஸ் பார்க்க மே மாதம்தான் நல்லது என்று சனம் போவதும் அதனால்தான். போங்கள். வாகனத்தை வீதியை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்துங்கள், இறங்கிப் போய்ச் சுற்றி நிற்காதீர்கள். ஒரு தரம் பத்துப் பன்னிரண்டு பேர் வளைத்து நின்று படம் எடுக்க, அந்த மூஸ் மிரண்டு வந்துகொண்டிருந்த வானுக்கு முன்னால் பாய்ந்ததைப் பார்த்தேன். அன்று மூஸுக்கும் வானில் வந்தவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் நெஞ்சு படபடத்தது ஒரு மணி நேரத்துக்கு அடங்கவில்லை.


மார்க்கத்திலிருந்து

நான் எழுதுவது ஆமையைப் பற்றி. அண்ணா முட்டையிடும் இடத்தைச் சொல்ல வேண்டாம் என்றது மிகச் சரி.

ஜூன் நடுப்பகுதி. வீதியோரச் சரளை மண்ணில் ஒரு ஸ்னாப்பிங் ஆமை பின்னங்காலால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஓடு ஒரு தோசைக்கல் அளவு, வால் முதலை வால் மாதிரி முள்ளு முள்ளாக, ஓட்டின் மேல் பாசி. என் மகன் பத்து வயது, "அம்மா, டைனோசர்" என்றான். எட்ட நின்று பார்த்தோம். பிங்பாங் பந்து போல வெள்ளை முட்டைகள் ஒவ்வொன்றாக விழ, அது பின்னங்காலால் அவற்றை ஒதுக்கி ஒதுக்கி அடுக்கியது. குழந்தையைக் கிடத்துகிற மாதிரி அவ்வளவு கவனம். முப்பது வரை எண்ணினோம். மண்ணை மூடிவிட்டு அது திரும்பிப் பார்க்காமல் வீதியைக் கடக்கத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குக் கை கால் உதறியது, வளைவில் கார்கள் வந்துகொண்டிருந்தன.

கணவர் வளைவில் நின்று கையைக் காட்டி வாகனங்களை மெதுவாக்கினார். நான் காரின் கால்மிதியை எடுத்து, ஆமையின் பின்பக்கமாகச் சென்று, அதை மெல்லக் கால்மிதியின் மேல் ஏற்றி, அது போன திசையிலேயே இழுத்துக்கொண்டு போய் அக்கரையில் விட்டேன். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, முதுகெலும்பு போய்விடும். அது வந்த பக்கமே திருப்பி விட்டாலும் பயனில்லை, திரும்பவும் வீதிக்கு வரும். வேறு ஏரிக்குக் கொண்டுபோகவே கூடாது. இந்தக் கழுத்து எவ்வளவு தூரம் பின்னால் வளையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முன்பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் அந்த ஒரு ஆமையின் பெறுமதி தெரிந்தது. அல்கோன்குவினில் 1972 முதல் இந்த ஆமைகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக் கவனித்து வருகிறார்கள். அந்தக் குளிரில் ஒரு பெண் ஆமை முதல் முட்டை இட ஏறத்தாழ பதினெட்டு வருடம் ஆகிறது. இடுகிற முட்டையை நரியும் ரக்கூனும் தோண்டித் தின்றுவிடும். தப்பிப் பொரிக்கிற குஞ்சிலும் பெரும்பாலானவை முதல் வருடமே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் தாய்க்கு அத்தனை நீண்ட ஆயுள், ஐம்பது அறுபது வருடம் முட்டை இட வேண்டும். நூறு வயது தாண்டியும் வாழலாம் என்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் நீர்நாய்கள் பனிக்கு அடியில் உறங்கிய பெரிய ஆமைகளை நிறையக் கொன்றுவிட்டன. சில குளிர்காலங்கள்தான். இருபது வருடத்துக்கு மேல் கடந்தும் எண்ணிக்கை பழைய நிலைக்கு வரவில்லை. இப்போது சொல்லுங்கள், ஒவ்வொரு ஜூனும் கார்ச் சில்லில் போகும் தாய் ஆமைகளை இந்தக் காடு எப்படி ஈடுகட்டும்? ஒன்ராறியோவில் 2017 வரை இந்த ஆமையைப் பிடித்துக் கொல்லக்கூட அனுமதி இருந்தது என்பதை வாசித்தபோது நம்ப முடியவில்லை.

ஒன்று இன்னும் சொல்ல வேண்டும். அடிபட்ட ஆமையைக் கண்டால் செத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பீற்றர்பரோவில் ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. உடைந்த ஓட்டைக் கம்பி கட்டி ஒட்டிச் சேர்த்து, மாதக்கணக்கில் வைத்திருந்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். தாய் செத்துப்போனாலும் வயிற்றிலிருக்கும் முட்டையை எடுத்து அடைகாக்க வைத்து, குஞ்சுகளைத் தாயின் நீர்நிலைக்கே திருப்பித் தருகிறார்கள். எந்த வீதியில், எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அவர்களால் திருப்பி விட முடியாது. என் காரில் இப்போது ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் கையுறையும் எப்பவும் கிடக்கிறது.


குவெல்ஃபிலிருந்து

அக்கா, ஆமை பத்தி படிச்சதும் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவன். தென்காசிப் பக்கம். பனியையே முதல் முறையாகப் பார்த்த வருடத்தில் நண்பர்கள் என்னைப் பிப்ரவரி மாதம் அல்கோன்குவினுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மைனஸ் 24 டிகிரி. மூச்சு மீசையில் உறைகிறது. காட்டில் ஒரு சத்தமில்லை.

மரப்பலகை பாதை போட்ட, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் சதுப்பில் நடந்தபோது ஒரு சாம்பல் நிறப் பறவை கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது. கொஞ்சமும் பயமில்லை. எங்கள் ஊர்த் தவிட்டுக் குருவியை விடச் சற்றுப் பெரியது, பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி உடம்பு, இரண்டு காலிலும் வண்ண வளையங்கள். கனடா ஜே. அதன் வாயில் கொஞ்சம் பாசி இருந்தது. கூடு கட்டுகிறது! அந்தக் குளிரில், மூன்றடிப் பனிக்கு நடுவில். மார்ச்சில் முட்டை இட்டு, மற்ற பறவைகள் தெற்கிலிருந்து திரும்பி வருவதற்கு முன்பே குஞ்சு பொரித்துவிடும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்யும்? கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிடைக்கிற பழம், பூச்சி, செத்த விலங்கின் இறைச்சி எல்லாவற்றையும் உமிழ்நீரில் குழைத்து உருண்டையாக்கி, மரப்பட்டை இடுக்கிலும் பாசிக்கு அடியிலும் ஒட்டி வைக்கும். ஆயிரக்கணக்கான உருண்டைகள், ஒவ்வொன்றும் வைத்த இடம் ஞாபகமிருக்கும். குளிர்தான் அதற்குக் குளிர்சாதனப் பெட்டி. இலையுதிர் காலம் நீண்டு வெப்பமாக இருந்தால், இடையிடையே உறைந்து உருகினால், அந்த உருண்டைகள் கெட்டுப்போகின்றன. அடுத்த பிப்ரவரியில் தாய்க்குத் தெம்பில்லை, முட்டை குறைகிறது. இந்தப் பறவைகளை அங்கே 1960களிலிருந்து வளையம் போட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். பூங்காவில் 1980களில் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஸ்புரூஸ், பைன் மரங்கள் உள்ள இடத்தில் பரவாயில்லை, அந்தப் பட்டையின் பிசின் உணவைக் கெடாமல் வைக்கிறது. மேப்பிள் மாதிரி இலையுதிர் மரங்கள் அதிகமுள்ள இடங்களில்தான் குடும்பங்கள் காலியாகியிருக்கின்றன.

எனக்கு இதில் மனம் கலங்கியது ஒரு காரணத்துக்காக. ஆமைக்கு நாம் காரை நிறுத்தலாம். மூஸுக்கு வேகத்தைக் குறைக்கலாம். நவம்பர் மாதத்து வெயிலை யார் நிறுத்துவது?

என்னால் முடிந்தது ஒன்றுதான். காலில் வளையம் உள்ள ஜேயைப் பார்த்தால் எந்தக் காலில் எந்த நிறம், மேலே எது கீழே எது என்று படம் எடுத்துப் பூங்கா ஆட்களிடம் கொடுக்கிறேன். இதுவரை நாலு பறவை. அதில் ஒன்று எந்த வருடம் பொரித்தது, எந்தக் கூட்டில் என்பது வரை சொன்னார்கள். ஒரு குருவிக்குப் பிறந்த தேதி தெரிந்திருக்கிற காடு! வேறெங்கே பார்க்க முடியும்?

அதே பூங்காவின் ஒரு சதுப்பில் குடுவைச் செடிகள் பூச்சியை மட்டுமல்ல, பல்லி மாதிரி இருக்கும் சிறிய சலமாண்டர்களையும் விழுங்குவதை எங்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்டுபிடித்து 2019இல் வெளியிட்டார்கள். ஐந்து செடிக்கு ஒன்றில் இருந்ததாம். நூறு வருடத்துக்கு மேல் மனிதர்கள் நடந்து பார்த்த இடத்தில், குனிந்து உள்ளே பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.


ஏஜாக்ஸிலிருந்து

எனக்கு எழுபத்தாறு வயது. பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் வன்னி. சின்ன வயதில் வயல் காவலுக்குப் போய்ப் பரணில் படுத்தால், சாமத்தில் நரி ஊளையிடும். ஒன்று தொடங்க, குளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று எடுக்கும். அய்யா சொல்வார், நரி ஊளை கேட்டால் காடு நல்லாயிருக்கிறது என்று. அப்புறம் ஊரை விட்டு வந்தோம். முப்பத்தைந்து வருடம் அப்படி ஒரு சத்தம் என் காதில் விழவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்டில் மகன் கூட்டிக்கொண்டு போனான். ஆகஸ்டு வியாழக்கிழமைகளில் பூங்காவில் ஓநாய் ஊளை கேட்க அழைத்துப் போவார்கள். 1963 முதல் நடக்கிறதாம். எல்லா வியாழனும் கிடையாது. முதல் நாள் இரவு ஊழியர்கள் போய்த் தேடி, வீதிக்குக் கேட்கும் தூரத்தில் ஒரு கூட்டம் இருந்தால்தான் மறுநாள் நடத்துவார்கள். இரண்டு வருடம் போய் வெறுமனே திரும்பினோம். மூன்றாம் வருடம் கிடைத்தது.

முதலில் ஒரு திறந்தவெளியில் ஓநாய்களைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நூற்றுக்கணக்கான கார்கள் வரிசையாக இருட்டில் நெடுஞ்சாலைக்குப் போய், ஓரமாக நின்றன. எல்லாரும் இறங்கினோம். கதவை அடிக்கக் கூடாது, பேசக் கூடாது, விளக்குக் கூடாது. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும், கைக்குழந்தையோடும் வந்திருந்தார்கள். ஒரு இருமல் கேட்கவில்லை. கோயிலில் திரை விலகுவதற்கு முன் ஒரு நிமிடம் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்படி. தலைக்கு மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது.

ஓர் ஊழியர் இரண்டு கையையும் வாயில் குவித்துத் தன் தொண்டையாலேயே ஊளையிட்டார். பதில் இல்லை. இரண்டாம் தரம். இல்லை. மூன்றாவது தரம் இட்டுவிட்டு நிறுத்தியபோது, காட்டின் ஆழத்திலிருந்து ஒன்று எடுத்தது. நீண்ட, கனத்த குரல். அதன் மேல் இன்னொன்று. பிறகு குட்டிகள், கீச்சுக் கீச்சென்று, முழுதாக ஊளையிடத் தெரியாமல். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இருட்டில் மகனும் அழுதுகொண்டிருந்தான் என்பது காரில் ஏறிய பிறகு தெரிந்தது. அவன் வன்னி நரியைக் கேட்டதே இல்லை.

அன்று அவர்கள் சொன்னதில் ஒன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. இந்தப் பூங்கா தொடங்கியபோது ஓநாயைக் கொல்வதும் காவலர்களின் வேலையாக இருந்தது. 1950களின் கடைசி வரை கண்ணி, நஞ்சு எல்லாம் வைத்தார்கள். பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள், மனம் மாறியது. அப்படியும் பிரச்சினை தீரவில்லை. பனிக்காலத்தில் மான்கள் பூங்காவை விட்டு வெளியே பனி குறைந்த இடத்துக்குப் போகும். ஓநாய் மானைத் தொடர்ந்து போகும். எல்லையைத் தாண்டியதும் சுட்டார்கள். காவலர்கள் காத்து வளர்த்த கூட்டம் எல்லைக்கு வெளியே செத்தது. 2001இல் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஓநாய் வேட்டையைத் தற்காலிகமாகத் தடுத்து, 2004இல் அதை நிரந்தரமாக்கினார்கள். கொயோட்டியையும் சேர்த்துத் தடை. ஏனென்றால் தூரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த ஓநாய் சாம்பல் ஓநாயை விடச் சிறியது. 2016இல் ஒன்ராறியோ இதை அல்கோன்குவின் ஓநாய் என்ற பெயரிலேயே அழிவை எதிர்நோக்கும் இனங்களில் சேர்த்தது. இவை வாழும் இடம் உலகத்தில் மிகக் கொஞ்சம்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு இந்த ஆகஸ்டில் போக வேண்டும். பெயரை எழுத வேண்டாம் என்கிறாள்.


ஊர் சொல்லாமல் ஒருவர்

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கூடார இடத்தில் இரவு இறைச்சியை மிளகாய்த்தூள் போட்டு ஊற வைத்துக் குளிர்ப்பெட்டியில் மேசைக்கு அடியில் விட்டுவிட்டுப் படுத்தோம். காருக்குள் வைக்கச் சொல்லி வாசலில் தந்த தாளில் இருந்தது. வாசிக்கவில்லை. இரண்டு மணிக்குக் கருங்கரடி வந்து பெட்டியைப் பிரித்தது. நாங்கள் காருக்குள் ஓடினோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரவும் அதே கரடி அதே இடத்துக்கு வந்தது. அதன் பிறகு பொறிவைத்துப் பிடித்தார்கள்.

அதை எங்கே கொண்டுபோனார்கள், என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. புளுபெரி தின்று வாழ்ந்துகொண்டிருந்த ஒரு மிருகத்துக்கு மனிதர் இருக்குமிடத்தில் சாப்பாடு என்று சொல்லிக் கொடுத்தது நான். இப்போது போனால் பற்பசை, சோப்பு, பிள்ளையின் பால் போத்தல் உட்பட மணக்கிற எல்லாம் காரில். வள்ளத்தில் உள்ளே போகிறவர்கள் சாப்பாட்டுப் பையைக் கயிறு கட்டி, மரத்தண்டிலிருந்து தள்ளி உயரத்தில் தொங்கவிடுங்கள். தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் உள்பகுதிக்குக் கொண்டுபோகவே கூடாது, அது சட்டம்.


ஒட்டாவாவிலிருந்து

எல்லாரும் நெடுஞ்சாலை ஓரத்தை எழுதியிருக்கிறீர்கள். நான் பத்து வருடமாகக் கனூவில் உள்ளே போகிறேன், கிழக்குப் பக்கத்து மணற்பாங்கான பைன் காடு. ஒரு செப்டெம்பர் காலையில், எந்த வீதியிலிருந்தும் இரண்டு நாள் துடுப்புப் போட்டு வந்த ஏரியில், தேநீர் வைத்துக்கொண்டிருந்தபோது மரம் அறுக்கும் இயந்திரச் சத்தம் கேட்டது.

இது பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் வணிகத்துக்கு மரம் வெட்ட அனுமதி உள்ளது இது ஒன்றில்தான். பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் வெட்டலாம். ஏரிக்கரையை விட்டுத் தள்ளி, வள்ளப் பாதைகளை விட்டுத் தள்ளி, முழுவதையும் மொட்டையடிக்காமல் தெரிந்தெடுத்து வெட்டுகிறார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. 1800களில் இங்கத்தைய வெண்பைன் மரங்களைச் சதுரமாகச் செதுக்கி ஒட்டாவா ஆற்றில் மிதக்கவிட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். பூங்கா உருவானதன் நோக்கத்திலேயே ஆறுகள் தொடங்கும் இடங்களையும் மரத்தொழிலையும் காப்பது இருந்தது. சுற்றியுள்ள சின்ன ஊர்களில் இன்றும் பல குடும்பத்துக்கு அது பிழைப்பு. அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மரத்துக்காகப் போடும் பாதைகள் காட்டைத் துண்டாக்குகின்றன. புதிய பாதை போடுவதை நிறுத்தி, பழைய மரங்கள் நிற்கும் இடங்களையாவது தொடாமல் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது அல்கோன்குவின் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. அந்த மக்களின் பெயரைப் பூங்காவுக்கு வைத்தார்கள், அவர்களோடு உடன்படிக்கை செய்யாமல். 2016இல்தான் அரசுகளோடு கொள்கையளவில் ஓர் இணக்கம் கையெழுத்தானது. இறுதி உடன்படிக்கைக்காக அவர்கள் காத்திருந்த காலம் மிக நீண்டது. நிலத்தை இழந்து வந்த எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.


ஹண்ட்ஸ்வில் பக்கத்திலிருந்து

ஸ்காபுறோத் தம்பி, உங்கள் லூன் கதைக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னிக்க வேண்டும். பூங்காவுக்கு மேற்கே ஒரு சிறிய ஏரிக்கரையில் குடியிருக்கிறோம். நான் ஓய்வு பெற்ற தாதி. ஒன்பது வருடமாக லூன் கணக்கெடுப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். 1981இல் ஒன்ராறியோவில் தொடங்கிய கணக்கெடுப்பு. இப்போது நாடு முழுவதும் பேர்ட்ஸ் கனடா என்ற பறவை அமைப்பு நடத்துகிறது. வேலை பெரிதில்லை. ஜூனில் ஒரு தரம் போய்ச் சோடி இருக்கிறதா, ஜூலையில் குஞ்சு பொரித்ததா, ஆகஸ்டில் குஞ்சு உயிரோடு இருக்கிறதா. மூன்று தடவை பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அந்த மூன்று நாளும் எனக்குப் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி.

லூனுக்குக் கால் உடம்பின் மிகப் பின்னால். மூழ்கி மீன் பிடிக்க அது அருமையான அமைப்பு, நிலத்தில் நடக்க உதவாது. அதனால் கூட்டைத் தண்ணீரின் விளிம்பிலேயே கட்டும். இரண்டு முட்டைதான். ஒரு வேகப்படகு கரையோரம் போனால் எழும்புகிற அலை போதும். மூன்றாம் வருடம் என் கண் முன்னாலேயே ஒரு முட்டை உருண்டு தண்ணீருக்குள் போனது. படகில் இருந்தவர்கள் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் வருடம் நடந்ததுதான் மனதை விட்டுப் போகாதது. வளர்ந்த ஆண் லூன் ஒன்று கரைக்கு ஏறிக் கிடந்தது. லூன் சும்மா கரை ஏறாது. கழுத்து தொங்கிப்போய், பார்வை எங்கேயோ. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் ஒரு தூண்டில் ஈயக்குண்டு, பயறு அளவு. லூன் மீனை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும். தூண்டிலிலிருந்து அறுந்து விழுந்த ஈயத்தைக் கல் என்று விழுங்கிவிடும், அல்லது குண்டு சிக்கிய மீனை விழுங்கும். வயிற்றமிலத்தில் ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறும். அப்படி ஒரு சிறிய குண்டே ஒரு லூனைக் கொல்லப் போதும். அன்று இரவே செத்துப்போனது. நாற்பது வருடம் வைத்தியசாலையில் சாவைப் பார்த்தவள் நான். இருந்தும் அந்தப் பறவையின் துணை மூன்று இரவு கூப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கேட்கத் தாங்கவில்லை. நீங்கள் எழுதிய அதே நீளக் குரல், தம்பி. பதில் வரவில்லை.

தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டு 1997 முதல் தடை. மற்ற ஏரிகள் பெரும்பாலானவற்றில் எங்கள் மனச்சாட்சிதான் சட்டம். வெள்ளீயம், உருக்கு, டங்ஸ்டன் எல்லாம் கடையில் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. எங்கள் ஆட்கள் மீன் பிடிக்கப் போகிறவர்கள் கனபேர். பெட்டியைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, அல்கோன்குவினில் உயிர்மீனை இரையாகக் கொண்டுபோக அனுமதியில்லை. வேறு ஏரியின் மீனும் நோயும் அந்த ட்ரவுட் ஏரிகளுக்குள் போய்விடும் என்பதற்காக.

இந்த ஜூன் போய்ப் பார்த்தேன். சோடி இருக்கிறது. கூட்டில் ஒரு முட்டை தெரிந்தது, இன்னொன்று இருக்கலாம், அதற்குக் கிட்டப் போகவில்லை.


ஸ்காபுறோவிலிருந்து (ஜூலை)

அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். முடிந்ததும் மூத்தவன் எழும்பிப் போய் என் தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான். முப்பத்தேழு ஈயக்குண்டு. சிம்கோ ஏரிக்கு நான் வருடா வருடம் கொண்டுபோன பெட்டி. அதில் எத்தனை அறுந்து போயிருக்கும் என்று அவன் கேட்டான். என்னால் கணக்குச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரு போத்தலில் போட்டு மூடி, நகரத்தின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டோம்.

போன கிழமை மறுபடியும் அந்த ஏரிக்குப் போனோம். சோடியைத் தூரத்தில் கண்டதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு வள்ளத்தை அப்படியே மிதக்க விட்டோம். நாற்பது நிமிடம். ஒரு தரமும் அந்த நடுக்கச் சிரிப்பு வரவில்லை. சாதாரணமாக மூழ்கி மூழ்கி மீன் கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டியது. படம் எடுத்தால் ஒரு கறுப்புப் புள்ளி மாதிரித்தான் வரும், எடுக்கவில்லை.

உங்கள் ஏரியில் என்ன நடந்தது அக்கா?


ஹண்ட்ஸ்வில் பக்கத்திலிருந்து (ஆகஸ்டு கடைசி)

ஜூலையில் இரண்டு குஞ்சு. அதில் ஒன்றைக் கழுகு கொண்டுபோய்விட்டது என்று நினைக்கிறேன், வெண்தலைக் கழுகு ஒன்று இரண்டு நாளாக எதிர்க்கரைப் பைன் மரத்தில் இருந்தது. அது அதன் பிழைப்பு, அதற்கு யாரையும் நோக முடியாது.

நேற்று மூன்றாவது கணக்கெடுப்பு. விடிய ஆறரைக்குப் போனேன். ஏரியில் மூடுபனி. மற்றக் குஞ்சு கிட்டத்தட்டத் தாயின் அளவுக்கு வளர்ந்திருக்கிறது, சாம்பல் நிறம், தானாகவே மூழ்குகிறது. ஒருமுறை நெஞ்சை நிமிர்த்திச் செட்டையை அடித்துப் பார்த்தது. படிவத்தில் "குஞ்சு: 1, உயிருடன்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.